விவாத இழை: லிண்டன் ஜான்சன் – வென்ற அதிபரா, தோற்ற அதிபரா?

#1 பாலாற்றங்கரை

அமெரிக்க அதிபர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் 1963 முதல் 1969 வரை ஆண்ட ஜான்சன் பெயர் வந்ததும் எல்லோரும் கொஞ்சம் திணறுகிறார்கள். 2021இல் சி-ஸ்பான் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களிடம் நடத்திய கணிப்பில் அவருக்கு 11ஆம் இடம். அதே மனிதர் பதவியின் கடைசி ஆண்டில் ராணுவ முகாம்களை விட்டால் வேறெங்கும் நிம்மதியாகப் போய்ப் பேச முடியாத நிலையில் இருந்தார். போகிற இடமெல்லாம் மாணவர் கூட்டம், முழக்கம்.

"உள்நாட்டில் வெற்றி, வியட்நாமில் தோல்வி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. 1965இல் இரண்டு வாரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஜூலை 28, நண்பகல்: வியட்நாமில் படைபலம் 75,000இலிருந்து 1,25,000 ஆகும் என்று செய்தியாளர் கூட்டத்தில் அறிவிக்கிறார். ஜூலை 30: மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகருக்குப் போய், முன்னாள் அதிபர் ட்ரூமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். ஆகஸ்ட் 6: கருப்பினத்தவர் வாக்களிக்க இருந்த தடைகளை நீக்கும் வாக்குரிமைச் சட்டம். ஆகஸ்ட் 11: லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடிக்கிறது, அடங்குவதற்குள் 34 பேர் சாகிறார்கள்.

நான்கும் ஒரே மேசையில் நடந்தவை. என் கருத்து இதுதான்: ஜான்சனின் வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் ஒரே பழக்கம். பெரிய காரியத்தைச் சின்னதாகக் காட்டி, விலையைச் சொல்லாமல், கையெழுத்தை முதலில் வாங்கிவிடுவது. படைபலத்தை உயர்த்திய அந்த அறிவிப்பையே பாருங்கள். இரவு நேரத் தொலைக்காட்சி உரையாக வைக்கவில்லை. மதியம் பேசினார். அதே கூட்டத்தில் ஏப் ஃபோர்டஸை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பதையும் அறிவித்தார். ரிசர்வ் படையை அழைக்கவும் இல்லை. போருக்குப் போகிறோம் என்றே தெரியாமல் நாட்டைப் போருக்குள் கொண்டுபோய் விட்டார்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இந்த அடக்கி வாசிப்பு அற்புதமாக வேலை செய்தது. போரில் செய்யவில்லை. உங்கள் கருத்து?

#2 செங்கதிர்

நல்ல தொடக்கம் தோழர். ஆனால் "பழக்கம்" என்ற சொல் ரொம்ப மென்மையானது. வட வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் 1964 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கக் கப்பல்கள்மேல் நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாசிரியரே அப்படி எழுதி, அந்த ஆய்வு 2005இல் வெளியானது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே ஜான்சனின் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ராபர்ட் மக்னமாரா ஹனோய்க்குப் போய், அன்றைய வட வியட்நாம் படைத் தளபதி ஜெனரல் கியாப்பிடம் நேரில் கேட்டார், அவரும் ஒன்றுமே நடக்கவில்லை என்றார். இல்லாத அந்தத் தாக்குதலைக் காட்டித்தான் காங்கிரஸில் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் வாங்கப்பட்டது. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர்: வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குருனிங்.

1963 முடிவில் அங்கே சுமார் 16,000 அமெரிக்க "ஆலோசகர்கள்". 1968 முடிவில் 5,36,000 வீரர்கள். அமெரிக்கத் தரப்பில் மொத்தச் சாவு 58,000க்கு மேல். வியட்நாமியர் சாவை லட்சங்களில்தான் எண்ண வேண்டும். இதை ஒரு தராசுத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் மெடிகேரை வைத்து எடைபோடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை.

#3 சட்டப்பித்தன்

பாலாற்றங்கரை, உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைச் சட்டத்தில் அவர் எதையும் அடக்கி வாசிக்கவில்லை. அது முழுக்க வெளிப்படையான சண்டை.

பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழுத் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். மசோதா வெளியே வராமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். குழுவைத் தாண்டி மசோதாவை நேராகச் சபைக்கு இழுக்க உறுப்பினர்களிடம் கையெழுத்து சேகரிப்போம் என்று மிரட்டித்தான் வெளியே எடுத்தார்கள். செனட்டில் நீதித்துறைக் குழுத் தலைவர் மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்ட். அங்கே போனால் மசோதாவுக்குச் சமாதிதான். அதனால் பெரும்பான்மைத் தலைவர் மேன்ஸ்ஃபீல்ட் அந்தக் குழுவுக்கே அனுப்பாமல் நேராக அவைக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் தெற்கத்தியர்களின் முடிவில்லாப் பேச்சு. பேசிப் பேசியே மசோதாவைக் கொல்லும் உத்தி இது. மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் ஒருவரே 14 மணி நேரத்துக்கு மேல் பேசினார். பேச்சை நிறுத்த அப்போது மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 67 வாக்கு. 1964 ஜூன் 10 அன்று 71 கிடைத்தது. அதில் 27 குடியரசுக் கட்சியினர். ஜான்சனின் ஜனநாயகக் கட்சியிலிருந்தே 23 பேர் எதிர்த்தார்கள். கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச முடியாது. சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயரை அழைத்தபோது கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். அதை ஆதரவு வாக்காகப் பதிந்தார்கள்.

இவ்வளவு பேர் உழைத்த சட்டத்தை ஜான்சனின் தந்திரம் என்று சுருக்கிவிட முடியாது. எவரெட் டர்க்சன் என்ற குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் இல்லாவிட்டால் அந்த 27 வாக்கு வந்திருக்காது.

#4 ஆஸ்டின் அக்கா

நான் டெக்சாஸில் இருப்பவள், அந்த ஊர்க்காரர்கள் பார்வையையும் சொல்கிறேன். இங்கே ஆஸ்டினில் 1971இல் திறந்த ஜான்சன் நூலகம் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புப் பெட்டிகளாக மாடி மாடியாக ஆவணங்கள். அதைவிட முக்கியம் அவர் ரகசியமாகப் பதிந்த தொலைபேசிப் பேச்சுகள், அறுநூறு மணி நேரத்துக்கு மேல். தான் செத்து 50 ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். நூலகத்தார் 1993லேயே வெளியிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சட்டப்பித்தன் தம்பி, டர்க்சன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் டர்க்சனுக்கே பெருமை போகட்டும், அவரைத் தினமும் போய்ப் பார், அவர் பேச்சைக் கேள் என்று மசோதாவை செனட்டில் நடத்திய ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியை முடுக்கிக்கொண்டிருந்தவர் ஜான்சன்தான்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. இந்த மனிதர் காங்கிரஸில் நுழைந்தது 1937இல். முதல் இருபது ஆண்டு குடிமை உரிமை மசோதா எது வந்தாலும் எதிர்த்தே வாக்களித்தார். 1957இல்தான் ஒரு நீர்த்துப்போன சட்டத்தைத் தானே நடத்திக் கொடுத்தார். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, 1928இல், தெற்கு டெக்சாஸில் கோட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியார். பசியோடு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி 1965 மார்ச் 15 அன்று காங்கிரஸில் வாக்குரிமை உரையில் பேசினார். மேடைக்காகச் சொன்னதா, மனசிலிருந்து வந்ததா? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் இரண்டையும் பிரிக்க முடியாது.

#5 சட்டப்பித்தன்

அக்கா, வாக்குரிமைச் சட்டம் என்றால் அலபாமாவின் செல்மா நகரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மார்ட்டின் லூதர் கிங்கிடம் ஜான்சன், "இந்த ஆண்டு வேண்டாம், மற்ற மசோதாக்கள் போகட்டும்" என்ற தோரணையில்தான் இருந்தார். மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் அலபாமா காவலர்கள் ஊர்வலத்தினரைத் தடியால் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எட்டு நாள் கழித்துத்தான் அந்த உரை. அதை எழுத வைத்தது பாலத்தில் சிந்திய ரத்தம்.

சட்டம் என்று பார்த்தால் அபாரம். எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தம், மத்திய அரசே ஆள் அனுப்பி வாக்காளரைப் பதிவு செய்யும், வாக்குரிமையைப் பறித்த பழைய கணக்குள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். மிசிசிப்பியில் 7 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த கருப்பினத்தவர் வாக்காளர் பதிவு 1967க்குள் 60ஐ நெருங்கிவிட்டது. இரண்டே ஆண்டு! எந்த நாட்டிலும் ஒரு சட்டம் இவ்வளவு வேகமாகத் தரையில் இறங்கியதை நான் படித்ததில்லை.

2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த முன் அனுமதிக்கான சூத்திரத்தை ரத்து செய்தது. மேலே எழுதியதில் முன் அனுமதி என்ற பல் அத்தோடு போச்சு.

#6 கணக்குப்பிள்ளை

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் வருகிறேன்.

ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் தோல்வி என்று ரீகன் காலத்திலிருந்து ஒரு பாட்டு பாடுகிறார்கள். அரசு கணக்கின்படி 1964இல் வறுமை விகிதம் 19 சதவீதம், 1969இல் 12.1. இதில் பொருளாதார வளர்ச்சிக்கும் பங்கு உண்டு, எல்லாமே திட்டங்களால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோல்வி என்பது வீண்பேச்சு. உணவு முத்திரை, ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட், மெடிகேர், மெடிகெய்ட் எல்லாம் இன்றைக்கும் நடக்கின்றன. உண்மையில் சொதப்பியது, உள்ளூர் ஏழைகளே திட்டத்தை நடத்தட்டும் என்று சார்ஜென்ட் ஷ்ரைவர் தலைமையில் ஆரம்பித்த சமூகச் செயல் அமைப்புகள். சிகாகோவின் டேலி மாதிரி மேயர்களுக்குத் தங்களைத் தாண்டிப் பணம் போவது பிடிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள்.

மெடிகேரில் இழைத் தலைவர் சொன்ன "விலையைச் சொல்லாமல்" என்பது அப்படியே பொருந்தும். பிரதிநிதிகள் சபையில் வரி மசோதாக்களைக் கவனிக்கும் வழிவகைக் குழுவின் தலைவர் வில்பர் மில்ஸ், மூன்று தனித்தனி யோசனைகளை ஒன்றாகக் கட்டி மருத்துவமனைக் காப்பீடு, மருத்துவர் கட்டணக் காப்பீடு, ஏழைகளுக்கான மெடிகெய்ட் என்று ஒரே மசோதாவாக்கினார். மருத்துவர் சங்கம் பல ஆண்டாகக் கடுமையாக எதிர்த்து வந்தது. அவர்களைச் சமாதானப்படுத்த, வழக்கமாக வாங்கும் கட்டணத்தையே அரசு கொடுக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். விலைக் கட்டுப்பாடே இல்லை. இன்றைய அமெரிக்க மருத்துவச் செலவின் ஒரு வேர் அங்கே கிடக்கிறது.

ஆனால் அதே சட்டம் சத்தமில்லாமல் இன்னொரு காரியம் செய்தது. மெடிகேர் பணம் வேண்டுமென்றால் இனப் பாகுபாடு கூடாது. தெற்கில் வெள்ளையருக்கு ஒரு வார்டு, கருப்பினத்தவருக்கு ஒரு வார்டு என்று இருந்த மருத்துவமனைகள் மெடிகேர் தொடங்கிய 1966 ஜூலை 1க்கு முன் அவசர அவசரமாகப் பலகைகளைக் கழற்றின. நீதிமன்றம் போயிருந்தால் பல ஆண்டு இழுத்திருக்கும். காசோலை சில மாதத்தில் முடித்தது.

அடுத்து போர்ச் செலவு. "பெரிய சமுதாயம்" என்று அவர் பெயரிட்ட இந்த உள்நாட்டுத் திட்டங்களும் நடக்கும், போரும் நடக்கும், வரி ஏறாது என்றார். எப்படி முடியும்? பொருளாதார ஆலோசகர்கள் 1965 கடைசியிலேயே வரியை உயர்த்தச் சொன்னார்கள். கேட்டால் காங்கிரஸ் போர்க் கணக்கைக் கேட்கும், திட்டங்களை வெட்டும் என்று பயந்து தள்ளிப்போட்டார். கடைசியில் 1968 ஜூனில் 10 சதவீத மிகைவரி வந்தது, அதற்கும் 600 கோடி டாலர் செலவை வெட்ட வேண்டும் என்று மில்ஸ் கழுத்தைப் பிடித்தார். அதற்குள் விலைவாசி கைமீறிவிட்டது. எழுபதுகளின் பணவீக்கத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

#7 வம்பன்

ஆக, பெண் பார்க்கும்போது கடனைச் சொல்லாமல் கல்யாணத்தை முடித்த மாப்பிள்ளை. மெடிகேருக்கும் அதே, போருக்கும் அதே. இழைத் தலைவர் ஜெயித்துவிட்டார், கடையைச் சாத்தலாமா?

#8 செங்கதிர்

சாத்த முடியாது. மெடிகேரில் விலையை மறைத்தால் வரி கட்டுபவன் பணம் கொடுப்பான். போரில் மறைத்தால் யார் கொடுத்தார்கள்? கல்லூரி போக வசதி இல்லாத பையன்கள். ஒரே பழக்கம் என்று சொல்வதே இரண்டையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இன்னொன்று: அவருக்குத் தெரியாமல் நடந்தது இல்லை இது. துணை அதிபர் ஹம்ஃப்ரி 1965 பிப்ரவரியில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். இப்போதுதான் பெரும் வெற்றி பெற்றிருக்கிறோம், குடியரசுக் கட்சி மிரட்டலுக்குப் பயப்பட வேண்டியதில்லை, வெளியே வர இதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது என்பது அதன் சாரம். கிடைத்த பரிசு என்ன? வியட்நாம் பற்றிய கூட்டங்களுக்கு மாதக்கணக்கில் ஹம்ஃப்ரிக்கு அழைப்பே இல்லை. வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பாலும் போர் வேண்டாம் என்று எழுதி எழுதி ஓய்ந்தார்.

#9 பாலாற்றங்கரை

ஹம்ஃப்ரி குறிப்பைக் கொண்டுவந்ததற்கு நன்றி தோழர், அதுதான் என் பக்கத்துக்கு மிகப் பெரிய சாட்சி. 1964 தேர்தலில் 61 சதவீத வாக்கு, 486 தேர்வாளர் வாக்கு. அவர் கட்சிக்குப் பிரதிநிதிகள் சபையில் 295 பேர், செனட்டில் 68 பேர். இவ்வளவு பலம் கையில் இருக்கும்போது எதற்குப் பயம்? 1949இல் சீனா கம்யூனிஸ்ட் கைக்குப் போனபோது ட்ரூமனைக் கிழித்துத் தொங்கவிட்டதை செனட்டில் உட்கார்ந்து பார்த்தவர். வியட்நாமை விட்டால் தன் மசோதாக்களுக்கும் அந்தக் கதிதான் என்று கணக்குப் போட்டார். போரை அவர் ஆசைப்பட்டு நடத்தவில்லை, மசோதாக்களுக்குக் காவலாக நடத்தினார். அந்தக் காவலே மசோதாக்களைத் தின்றது.

ஹனோயிடமும் அதே செனட் வித்தையைத்தான் காட்டிப் பார்த்தார். 1965 ஏப்ரல் 7, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உரை. மேகாங் ஆற்றில் அணை, மின்சாரம், வளர்ச்சி, நூறு கோடி டாலர். டெக்சாஸ் செனட்டர் ஒருவருக்கு அணை கொடுத்தால் வாக்கு கிடைக்கும். முப்பது ஆண்டாகச் சுதந்திரத்துக்குச் சண்டை போடுபவர்களுக்கு அணை எதற்கு? ஹோ சி மின்னுக்கு அடுத்த தேர்தல் கவலை கிடையாது, அவரிடம் பேரம் பேச ஜான்சனுக்கு வழியே தெரியவில்லை.

இரண்டும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. மூலம் ஒன்று என்கிறேன்.

#10 கோவைக்காரன்

நம்ம ஊருக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சேருங்கள். 1965–67 வறட்சியில் இந்தியா பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தில் வந்த கோதுமையை நம்பியிருந்தது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானிய இறக்குமதி. ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மாதா மாதம் தானே பார்த்துப் பார்த்துக் கப்பலை விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்கு எரிச்சல். விவசாயத்தில் நீங்களே முதலீடு செய்யுங்கள் என்பது சொன்ன காரணம்.

அப்போது உணவு அமைச்சர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் செயலாளர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து ஒப்பந்தம் செய்தார். அதில் இருந்த பலவும், வீரிய விதை, உரம், விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை எல்லாம், சி.எஸ். ஏற்கெனவே செய்ய நினைத்து அமைச்சரவையில் முட்டிக்கொண்டிருந்தவை. அடுத்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. பசுமைப் புரட்சி ஜான்சன் கொடுத்த நெருக்கடியால் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அது அநியாயம். ஆனால் அந்த நெருக்கடி சி.எஸ்.ஸின் கையை அமைச்சரவைக்குள் பலப்படுத்தியது என்பது உண்மை. நாடு அவமானப்பட்டது வேறு விஷயம். பசியில் இருப்பவனிடம் கொள்கை பேசுவதை எங்கள் ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

#11 ஆஸ்டின் அக்கா

கோவைக்காரன் அண்ணா, இன்னொரு தொடர்பும் உண்டு: நான் இங்கே இருப்பதே. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. புதுச் சட்டத்தில் நாட்டுக்கு 20,000 வரை. அன்றைக்குப் பேசும்போது இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை, லட்சக்கணக்கானவர்கள் வாழ்க்கையை இது தொடாது என்றார். பாலாற்றங்கரை சொல்லும் அடக்கி வாசிப்பு! அமெரிக்காவின் முகத்தையே மாற்றிய சட்டங்களில் ஒன்று அது. இதில் மட்டும் அவருக்கே விளைவு தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது.

#12 சட்டப்பித்தன்

அரசியல் விலையையும் சொல்லிவிடுகிறேன். 1964 சட்டத்தில் கையெழுத்திட்ட இரவு, தெற்கை நீண்ட காலத்துக்கு எதிர்க்கட்சியிடம் கொடுத்துவிட்டோம் என்று சொன்னதாக உதவியாளர் பில் மோயர்ஸ் பின்னாளில் சொன்னார். அதே ஆண்டு தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் ஐந்து ஆழ்தெற்கு மாநிலங்களை வென்றார். 1966இல், அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வந்த காங்கிரஸ் தேர்தலில், ஜனநாயகக் கட்சிக்குப் பிரதிநிதிகள் சபையில் 47 இடம் போனது. அத்தோடு ஜான்சனின் சட்டமன்ற வேகம் முடிந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்க 1968 ஏப்ரலில் வந்த வீட்டுவசதிச் சட்டம்கூட கிங் கொலையாகி ஒரு வாரத்தில், நகரங்கள் எரிந்துகொண்டிருக்கும்போது நிறைவேறியது. கலவரங்களை ஆராய அவரே அமைத்த கெர்னர் குழு வெள்ளையர் இனவெறிதான் மூலம் என்று அறிக்கை கொடுத்தபோது, அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்நாட்டில் எல்லாமே வெற்றி என்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

#13 செங்கதிர்

அதில் உடன்படுகிறேன். இன்னொரு மௌனமும் உண்டு. 1968 அக்டோபர் 31 அன்று குண்டுவீச்சை நிறுத்தினார். அமைதிப் பேச்சுக்கு வராதீர்கள், எங்கள் ஆட்சியில் நல்ல ஒப்பந்தம் கிடைக்கும் என்று குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் தரப்பு, தங்களுக்காகப் பணம் திரட்டிய ஆனா சென்னால்ட் வழியாகச் சைகோனில் இருந்த தென் வியட்நாம் அரசுக்குச் சொல்லி அனுப்பியது ஒட்டுக்கேட்பில் ஜான்சனுக்குத் தெரிந்தது. டர்க்சனிடம் போனில் இது தேசத்துரோகம் என்று சொன்னார். நாட்டிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒட்டுக்கேட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும். நிக்சன் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார்.

#14 புதுவரவு

இழை முழுக்கப் படித்தேன், அருமை. அந்தத் தொலைபேசிப் பதிவுகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொல்ல முடியுமா?

#15 ஆஸ்டின் அக்கா

1964 மே 27. முதலில் ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலோடு பேசுவது, அப்புறம் அதே நாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியோடு பேசுவது. வியட்நாம் சண்டை போடத் தகுந்த இடமே இல்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது என்று அவர் வாயாலேயே சொல்கிறார். படை அனுப்புவதற்குப் பத்து மாதம் முன்பு! வீட்டில் வேலை பார்க்கும் சார்ஜெண்டையும் அவருடைய ஆறு பிள்ளைகளையும் நினைத்துப் பேசுவார். அதைக் கேட்டபிறகு செங்கதிர் பக்கம் சாய்வதா, பாலாற்றங்கரை பக்கம் சாய்வதா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

கொஞ்சம் சிரிக்க வேண்டுமென்றால் அதே ஆண்டு ஆகஸ்ட் 9. டோன்கின் தீர்மானம் காங்கிரஸில் நிறைவேறி இரண்டு நாள், கையெழுத்து இன்னும் போடவில்லை. ஹாகர் என்ற ஆடை நிறுவனத்துக்குப் போன் போட்டு, கால்சட்டைக்கு எங்கெங்கே எவ்வளவு துணி கூடுதலாக விட வேண்டும் என்று அளவு சொல்கிறார். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.